மெழுகு ஊற்றாத பிக்கப்

கேஸ் அடுப்பில் பாதிப் பாத்திரம் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் ஓர் எவர்சில்வர் டம்ளரை நிறுத்தி, நாலு மெழுகுவர்த்தியை ஒடித்துப் போட்டிருந்தேன். மெழுகு உருகி, திரி நூல்கள் மட்டும் வெள்ளைப் புழுக்கள் மாதிரி மேலே மிதந்தன. பக்கத்து மேடையில் பழைய பேப்பரை விரித்து, என் முதல் கிட்டாரை மல்லாக்கப் போட்டிருந்தேன். சிவப்பு நிறம், கல்கத்தாவில் செய்தது. ஆறு கம்பியையும் கழற்றியாயிற்று. அதன் பிக்கப் மட்டும் இரண்டு ஒயர்களில் தொங்கி, வயிற்றிலிருந்து சரிந்த குடலைப் போல வெளியே கிடந்தது. அதை டம்ளருக்குள் முக்கிக் கால் மணி நேரம் வைத்து எடுத்தால் வேலை முடிந்தது. மூன்று வருடமாகத் தள்ளிப்போட்ட வேலை.

எலக்ட்ரிக் கிட்டாரைப் பக்கத்தில் பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. அதற்கு மற்றக் கிட்டார்களைப் போல வெற்று வயிறு கிடையாது. கெட்டிக் கட்டை. கம்பிகளுக்குக் கீழே ஒரு காந்தம், காந்தத்தைச் சுற்றி முடியை விட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. அதுதான் பிக்கப். மேலே கம்பி துடித்தால் இங்கே மின்சாரம் துடிக்கும், ஸ்பீக்கரில் பாட்டாக வரும். இந்தச் செம்புச் சுற்று தளர்வாக இருந்தால் அதுவே அதிர ஆரம்பித்துவிடும். அதனால் நல்ல கம்பெனிக்காரன் அதைக் கொதிக்கும் மெழுகில் முக்கி இறுக்கிவிடுவான். மெழுகு குடித்த பிக்கப் கம்பியைத் தவிர வேறு எதையும் கேட்காது. மெழுகு குடிக்காதது கிட்டத்தட்ட ஒரு மைக். பக்கத்தில் தட்டினால் தட்டல் வரும், கிட்டே நின்று பேசினால் பேச்சு வரும். கிட்டார் பைத்தியங்கள் நாங்கள் இதைக் குறை என்போம். நானும் அப்படித்தான் சொன்னேன், நாலாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்த ஒரு வீடியோவில், சிரித்துக்கொண்டே.

மாமாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அக்காவின் வீட்டுக்காரர். அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரிகளுக்கு லோடு எழுதும் ஆபீஸில் சூப்பர்வைசர். திருவிழாக் காலங்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் லீடு கிட்டார். புருவத்தில் எப்போதும் சுண்ணாம்புத் தூசி ஒட்டியிருக்கும். கைகள் பெரியவை. அந்தக் கைகளால் அவ்வளவு நுணுக்கமாக வாசிக்க முடியும் என்று பார்த்தவுடன் யாரும் நம்ப மாட்டார்கள். அக்கா கல்யாணம் ஆன புதிதில் நான் பெரம்பலூரில் காலேஜ் முதல் வருடம். கறி விருந்துக்குப் போனவன் சாப்பிட உட்காராமல் அவர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். ஒரே ஒரு கம்பியை மேலே தள்ளி, அந்தச் சுரத்தை ஏற விட்டு, ஏறிய இடத்தில் நடுங்க வைத்தார். என் பிடரி சிலிர்த்தது. பெண் எடுத்த வீட்டுக்காரர் என்பதெல்லாம் அந்த நிமிடமே போய், அவருடைய ரசிகன் ஆகிவிட்டேன்.

புதுக் கிட்டார் எது கையில் வந்தாலும் அவர் முதலில் வாசிக்க மாட்டார். மடியில் கிடத்தி உள்ளங்கையால் அதன் முதுகில் ஓங்கி ஓர் அடி அடிப்பார். காதை ஒட்டிவைத்துக் கேட்பார். இன்னோர் அடி. "அடிச்சாத்தான் மாப்ள கட்ட பேசும்" என்பார். எனக்கு அது பெரிய ஞானமாகத் தெரிந்தது. நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன், மீட்டரும் வரைபடமும் இல்லாமல் எதையும் ஒத்துக்கொள்ளாதவன். அந்த அடியை மட்டும் ஒத்துக்கொண்டேன். நானும் அடித்துப் பார்க்கப் பழகினேன்.

அவர் ஆட்களையும் அடிப்பார். அதுவும் எனக்குத் தெரியும். ஆண்டிமடம் பக்கம், முந்திரித் தோப்பை ஒட்டிய ஓர் ஊர்த் திருவிழாவுக்கு ஒருமுறை அவரோடு போயிருந்தேன். மத்தியானம் மூன்று மணி வெயிலில் சவுண்ட் டெஸ்ட். மைக் செட்டுக்காரர் கிட்டார் லைனில் எக்கோவைத் தூக்கி வைத்துவிட்டார். மாமா ஒருமுறை சொன்னார், கொறச்சுடுங்கண்ணே. மைக் செட்டுக்காரர், "கொறச்சா உன் வாசிப்பு தகரம் மாரி இருக்கும்ப்பா, எக்கோதான் உன் மானத்தக் காப்பாத்துது" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மேடையிலிருந்து குதித்தார், கிட்டார் கழுத்தில் தொங்கியபடியே. வலது கையால் அந்த ஆளின் பின்மண்டையைப் பிடித்து மிக்சர் போர்டு மேல் மோதினார். ஒரு தடவை. அவர் நிமிர்ந்தபோது உதடு பிளந்திருந்தது. முன்பல் ஒன்று, வால்யூம் குமிழ்களுக்கு நடுவில், இன்னொரு குமிழ் மாதிரி கிடந்தது. யாரோ ஓடிவந்து விலக்கினார்கள். மாமா மேடை ஏறி, விரல் முட்டியில் ரத்தத்தோடு அன்று வாசித்த வாசிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. பஸ்ஸில் திரும்பும்போது நான் போனில் குறித்துக்கொண்டேன்: "கோபத்தில் டோன் இன்னும் கனம். கம்பி மீட்டும் பிக்கைப் பிடிக்கும் கோணம் மாறுகிறதா?" பல்லைப் பற்றி ஒரு வரி இல்லை.

எங்களிடம் மூன்று கிட்டார்கள் சேர்ந்தன. மாமாவுடையது ஜப்பான், அவர் வயது அதற்கும் இருக்கும், சென்னையில் யாரோ ஒரு சினிமா வாத்தியக்காரரிடமிருந்து கைமாறி வந்தது. என்னுடையது இந்தோனேசியா, பாலிடெக்னிக்கில் லேப் பொறுப்புக்குச் சேர்ந்த முதல் வருடம் வாங்கியது. மூன்றாவது இந்தக் கல்கத்தா. நான் பன்னிரண்டாவது படித்தபோது அக்கா வாங்கித் தந்தது. அக்கா ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். கல்யாணத்துக்கு முன் சேர்த்த சம்பளத்தில், திருச்சிக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போய், கடைக்காரனிடம் "எந்தம்பி வாசிக்கிறதுக்கு, உள்ளதுலயே நல்ல செவப்பாக் குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தாள். கிட்டாரை நிறம் பார்த்து வாங்கிய ஒரே ஆள் எனக்குத் தெரிந்து அவள்தான். அதன் கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளின் ஓரம் சரியாக ராவப்படவில்லை. முதல் ஆறு மாதம் என் இடது கை விரல்கள் கிழிந்துகொண்டே இருந்தன. அக்கா லேபிலிருந்து ஸ்பிரிட் பஞ்சு கொண்டுவந்து துடைப்பாள். "கை நெறைய ரத்தம் வருதேடா, ஒரு டியூப்ல புடிச்சா டெஸ்ட்டே பண்ணிடலாம்" என்பாள்.

மூன்றையும் ஒப்பிட்டு வீடியோ போடலாம் என்று நான்தான் மாமாவை இழுத்தேன். வாசிப்பது அவர், அளப்பதும் பேசுவதும் நான். ஒரே ஆள், ஒரே பாட்டு, ஒரே கம்பி, ஒரே ஆம்ப், அதாவது ஸ்பீக்கர் பெட்டி. கட்டை, கழுத்து, சுதி நிற்கும் நேரம், சுரம் அணையும் நேரம், கொடுத்த விலைக்குத் தேறுமா என்று ஒவ்வொன்றுக்கும் மார்க். மாமாவின் அகராதி வேறு. ஜப்பானுக்குக் "கடி இருக்கு" என்றார். தொட்டவுடன் பல் பதிகிற மாதிரி சுரம் தொடங்கும் என்று அர்த்தம். இந்தோனேசியா "நெய்யி, வழுக்கிட்டுப் போவும், ஆனா ஒண்ணும் நெஞ்சுல நிக்காது." கல்கத்தாவை மடியில் போட்டு அடித்தார், காது வைத்தார், என்னைப் பார்த்தார். "இது கட்ட இல்ல மாப்ள, கல்யாணப் பந்தப் பலவ. ஒங்க அக்கா செலக்சன் எல்லாமே இப்டித்தான்" என்றார். அடுப்படியிலிருந்து அக்கா, "ஒங்களயும் சேத்துத்தான சொல்றீங்க?" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை என்பது இப்போது ஞாபகம் வருகிறது.

அக்காவுக்கு இந்த ரெக்கார்டிங் என்றால் ஒரு பெருமை. நான் லேப்டாப்பைத் திறந்தால் போதும், மிக்சியை நிறுத்துவாள், ஃபேனை அணைப்பாள், வாசலில் காய்கறி வண்டிக்காரர் கத்தினால் ஓடிப்போய், "சத்தம் போடாதீங்க, தம்பி ரெக்கார்டிங் பண்றான்" என்பாள். பக்கத்து வீட்டு நாய்க்குக்கூட அதையே சொல்வாள். தெருவில் எல்லாருக்கும் அது ஒரு கிண்டல். காய்கறிக்காரர் என்னைப் பார்த்தால் வாயில் விரலை வைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளிப் போவார்.

கடைசிச் சோதனை என்னுடைய கண்டுபிடிப்பு. கிட்டாரை யாரும் தொடாமல், கம்பிகளைத் துணியால் அமுக்கி, வால்யூமை முழுக்கத் திறந்து, ஐந்து நிமிடம் சும்மா விட்டுப் பதிவு செய்வது. ஒரு கிட்டார் சும்மா இருக்கும்போது எவ்வளவு இரைகிறது என்று பார்ப்பதற்கு. மனிதர், போன், லேப்டாப் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அரியலூர் வீட்டில் ஃப்ரிட்ஜுக்கும் மோட்டாருக்கும் தள்ளி இருந்தது அக்காவின் படுக்கையறைதான். கட்டில் மேல் கிட்டாரை வைத்து, ஒயரைக் கதவிடுக்கு வழியே இழுத்து, லேப்டாப்பை ஹாலைத் தாண்டி முன்வாசலில் வைப்பேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கிட்டார். முதல் ஞாயிறு ஜப்பான், அடுத்தது இந்தோனேசியா, மூன்றாவது கல்கத்தா. மாமாவுக்கு ஞாயிறுகளில் ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் முடியும், கொல்லைப்புற வழியாக வந்து குளித்துவிட்டுச் சாப்பிடுவார். நான் அந்த ஐந்து நிமிடமும் வாசல்படியில் உட்கார்ந்து, காதில் இயர்போன் மாட்டி, அமெரிக்காக்காரன் ஒருவன் பத்துக் கிட்டாரை ஒப்பிடுகிற வீடியோவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது ஞாயிறு ஐந்து நிமிடம் முடிந்து உள்ளே போனபோது, நான் விட்டுப்போன இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் கிட்டார் கிடந்தது. உருண்டுவிடாமல் அதற்கு ஒரு தலையணை அண்டக் கொடுக்கப்பட்டிருந்தது. அக்கா துணி எடுக்க வந்திருப்பாள் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை. சாப்பாடு போடும்போது அக்கா முகத்தில் ஒரு பக்கத்தை முந்தானையால் பொத்தியிருந்தாள். "பல்லு வலிடா" என்றாள். மாமா, "நாளக்கிப் போயிப் புடுங்கிட்டு வா" என்றார். நான் மீன் குழம்பு நன்றாக இருப்பதாகச் சொன்னேன்.

பெரம்பலூர் வந்து பதிவின் வரைபடத்தைத் திரையில் திறந்து பார்த்தால் ஜப்பானும் இந்தோனேசியாவும் மெல்லிய இரைச்சலோடு நேர்க்கோடாகப் போயின. கல்கத்தாவில் மூன்றாம் நிமிடத்திலிருந்து முட்கள். கேட்டால் தொப், தொப் என்று ஏதோ. நடுவில் ஒரு கீச்சல், கத்தியைத் தட்டில் இழுத்த மாதிரி. ஆஹா, மெழுகு ஊற்றாத பிக்கப், தானாகக் கத்துகிறது என்று முடிவு கட்டினேன். எனக்குச் சந்தோஷம்கூட. ஒப்பீட்டு வீடியோவில் ஒரு கிட்டாராவது கேவலமாகத் தோற்றால்தான் பார்ப்பவர்களுக்குச் சுவை. அந்த ஐந்து செகண்ட் கீச்சலை எடுத்து மூன்று தடவை திருப்பித் திருப்பிப் போட்டேன். "தொடக்கூட இல்ல நண்பர்களே, அதுவா எப்டிக் கத்துது பாருங்க. சும்மா இருத்தலுக்கு மார்க் பத்துக்கு ஒண்ணு" என்று பேசினேன். கீழே ஒருவர், "ப்ரோ, பேய் புகுந்த கிட்டார்" என்று எழுதினார். அதற்கு ஒரு சிரிப்பு பொம்மை போட்டேன்.

வீடியோ வெளியான சனிக்கிழமை சாயங்காலம் மாமா போன் செய்தார். குரல் தணிவாக இருந்தது. "மாப்ள, வீடியோ நல்லா இருக்கு. அந்தக் கத்துற எடத்த மட்டும் கட் பண்ணிடு." அதுதான் மாமா காமெடியே, ஏன் என்றேன். "சொன்னா கேளு. கட் பண்ணிடு. ஒரிஜினலயும் அழிச்சுடு." அவர் என்னிடம் ஒருநாளும் எதையும் அப்படிக் கேட்டதில்லை. தன் வாசிப்பில் பிசகு இருந்தால்கூட இருக்கட்டும் விடு என்பவர், ஒரு பலகைக் கிட்டாரின் கீச்சலுக்கு ஏன் கெஞ்ச வேண்டும்? போனை வைத்துவிட்டு ஒரிஜினலைத் திறந்தேன். இரைச்சலை வடிகட்டினேன். கீழ்ச் சுரங்களை வெட்டி, நடுவைத் தூக்கினேன். கல்லூரியில் சொல்லித் தந்ததெல்லாம் அன்றுதான் முழுசாக உபயோகப்பட்டது.

முதலில் கதவு சாத்துகிற தட்டல். பிறகு ஒரு தொப். அடுத்து, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதைப் போல, அக்காவின் குரல்: "சத்தம் போடாதீங்க... தம்பி ரெக்கார்டிங் பண்றான்."

மாமா: "பண்ணட்டும்."

அதற்குப் பிறகு பதினோரு தொப்கள். நான் எண்ணினேன். எண்ணியது எதற்கு என்று தெரியவில்லை, எதையும் எண்ணிப் பழகியவன். ஏழாவதற்கும் எட்டாவதற்கும் நடுவில்தான் அந்தக் கீச்சல். அது ஒன்றுதான் அவள் வாயை மீறி வந்தது. மற்றப் பத்தையும் அவள் சத்தமில்லாமல் வாங்கியிருக்கிறாள், என் சோதனை கெட்டுவிடக் கூடாதென்று. கடைசியில் கட்டில் கிரீச்சிட்டது. கிட்டார் நகர்கிற உரசல். ஒரு மெத்தென்ற சத்தம். அது தலையணை. அண்டக் கொடுத்திருக்கிறாள். பிக்கப்புக்கு அரை அடி தூரத்தில் அவள் மூச்சு இரண்டு தடவை கேட்டது. அவ்வளவுதான், ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது.

முதல் இரண்டு ஞாயிறுகளின் பதிவுகளையும் தோண்டிப் பார்த்தேன். நேர்க்கோடு. அந்த ஞாயிறுகளில் அந்த அறையில் ஒன்றும் நடக்கவில்லையா, நடந்ததா, எனக்குத் தெரியாது. அவை இரண்டும் நல்ல கிட்டார்கள். மெழுகு குடித்தவை. முழுக்கை பிளவுஸுக்கு "லேப்ல ஏசிடா" என்று அக்கா சொன்ன காரணம், குனியும்போது அவள் விலாவைப் பிடித்துக்கொள்வது, பல் வலி, எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஒரு கிட்டாரில் இரண்டாவது கம்பி சிட்டிகை அளவு சுதி இறங்கினால் கண்டுபிடிக்கிறவன் நான். நாலு வருடம் அந்த வீட்டில் சோறு தின்றிருக்கிறேன்.

மறுநாள் காலை பெரம்பலூரிலிருந்து பைக்கை விரட்டினேன். வழியெல்லாம் சிமெண்ட் லாரிகள். ஒரு லாரிக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் நுழையும்போது செத்தால்கூடப் பரவாயில்லை, அவரைக் கொன்றுவிட்டுச் சாக வேண்டும் என்று நினைத்தேன். மிகையாகச் சொல்லவில்லை, அப்படியேதான் நினைத்தேன். மாமா ஹாலில் தரையில் உட்கார்ந்து ஜப்பானுக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார். "வா மாப்ள, கட் பண்ணிட்டியா?" என்று நிமிர்ந்தார். அந்த முகத்தில் குத்தினேன். நான் அதற்கு முன் யாரையும் குத்தியதில்லை. கட்டைவிரலை உள்ளே மடக்கிக் குத்தியதில் முறிந்தது என் விரல்தான். அவர் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது, ஆனாலும் சிரித்தார். "கட்ட வெரல வெளிய வைக்கணும்டா" என்றார், கிட்டாரில் விரல் தப்பாக வைத்தவனுக்குச் சொல்வதைப் போல. எழுந்து என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் வைத்து அழுத்தினார். என் குதிகால்கள் தரையை விட்டன. முழங்காலால் அடிவயிற்றில் இடித்தார். இன்னொன்று. வாயில் இரும்பு ருசித்தது. "எங்க வூட்டுக்குள்ள நடக்குறது ஒனக்கு எதுக்குடா? ம்? நீ கிட்டாருக்கு மார்க் போடு" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் என் தலையைச் சுவரில் தட்டினார்.

எப்படியோ நழுவிக் கீழே விழுந்தேன். கைக்கு ஜப்பானின் கழுத்து அகப்பட்டது. இரண்டு கையாலும் பிடித்துக் கோடாலி மாதிரி வீசினேன். தோளில் பட்டது. அவர் தடுக்க இடது கையை நீட்டியபோது இரண்டாவது வீச்சு விரல்களில் விழுந்தது, கதவு நிலையோடு சேர்த்து. பச்சைக் குச்சி ஒடிகிற சத்தம். அவர் அலறினார். நான் நிறுத்தவில்லை. மூன்றாவது முதுகில், நாலாவதும் முதுகில். விழுந்து சுருண்ட பிறகும் அடித்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதுகிறேன்: அது இனித்தது. அடிக்க அடிக்க இன்னும் வேண்டியிருந்தது. ஐந்தாவதாக ஓங்கியபோது பின்னாலிருந்து யாரோ கிட்டாரைப் பிடித்தார்கள். அக்கா. கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள், முழங்கைவரை சோப்பு நுரை. விடுக்கா, விடுக்கா என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை. "போதும் தம்பி" என்றாள். "அவரும் இப்டித்தான்டா மூச்சு வாங்குவாரு."

என் கை தானாகத் தளர்ந்தது. அறை முழுக்க அந்த மூச்சுதான் கேட்டது, என்னுடையது, நாய் இரைப்பதைப் போல. அக்கா கிட்டாரை வாங்கிச் சுவரோரம் சாய்த்தாள். குழாயடிக்குப் போய் நுரையைக் கழுவினாள். ஒரு டவலை நனைத்து வந்து மாமாவின் கையைச் சுற்றினாள், ரத்தம் எடுத்தவர்களுக்குப் பஞ்சு வைக்கிற அதே நிதானத்தில். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆட்டோ சொல்லிட்டுப் போறேன், ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்றாள். உள்ளே போய் வெள்ளைக் கோட்டையும் சர்டிபிகேட் பையையும் எடுத்துக்கொண்டு வந்து பைக்கில் ஏறினாள். முறிந்த விரலோடு ஓட்டினேன். பெரம்பலூர் எல்லை வந்ததும் அக்கா கேட்டாள், "அந்தக் கிட்டாரு ஒடஞ்சிருச்சா?" இல்லக்கா என்றேன். "நல்ல கட்டதான் போல" என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம், சிரித்து முடிக்கும்போது அவள் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள், சட்டை நனைந்தது.

மாமா போலீஸுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் டிப்பர் கதவு நசுக்கிவிட்டது என்று சொன்னாராம். அக்காவின் பல் வலியைப் போலத்தான் அதுவும். சொந்தக்காரர்கள் இரண்டு தடவை வந்தார்கள். பேசித் தீர்த்துக்கலாம், ஆம்பளன்னா கோவம் வரத்தான் செய்யும், என்றார்கள். அக்கா அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, மறுநாளே வக்கீலைப் பார்த்து வந்தாள். இப்போது பெரம்பலூரில் வேறொரு லேபில் வேலை. அம்மா, அக்கா, நான், ஒரு வாடகை வீடு. மாமாவின் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை, வாசிப்பதை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்த நடுங்குகிற சுரத்தை இந்தப் பக்கத்தில் வேறு யாரும் வாசித்து நான் கேட்கவில்லை. சில சமயம் என்னை அறியாமல் அதைத் தேடுகிறேன். தேடும்போது வருகிற கோபம் அவர் மேல் இல்லை.

வீடியோவை எடுத்துவிட்டேன். பதிவை அழிக்கவில்லை, வக்கீலிடம் ஒரு நகல் இருக்கிறது. ஆனால் எனக்கு எப்படித் தெரிந்தது என்று அக்கா கேட்டதே இல்லை. வக்கீலிடமும் நான்தான் தனியாகக் கொடுத்தேன், அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று. காய்கறிக்காரர் சொல்லியிருப்பார் என்று அவளாக நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை. சொன்னால் என் வீடியோவையும் சொல்ல வேண்டும், மூன்று தடவை திருப்பிப் போட்டுச் சிரித்ததையும் சொல்ல வேண்டும். அதனால் இன்றைக்கு, ஒரு ஞாயிறு காலையில், மெழுகைக் காய்ச்சினேன். கிட்டாரின் காதை அடைத்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைத்தேனோ என்னவோ.

"சோறு வடிக்கிற எடத்துல மெழுகக் காச்சுறான் பாரும்மா" என்று அக்கா அடுப்படிக்குள் வந்தாள். டம்ளரை எட்டிப் பார்த்தாள், தொங்குகிற பிக்கப்பைப் பார்த்தாள். "என் கிட்டார என்னடா பண்ற?" ரிப்பேர் என்றேன். "என்ன ரிப்பேரு?" பக்கத்துல பேசுறது எல்லாம் இதுக்குக் கேக்குதுக்கா என்றேன். சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. அந்த ஞாயிறு, கட்டில், தலையணை, தொப், வீடியோ, சிரிப்பு, பத்துக்கு ஒண்ணு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மேடையில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, பரிசோதனை ரிசல்ட் கேட்கிறவளைப் போலக் கேட்டாள்.

"அப்ப அது ஒண்ணுதான் கேட்டுருக்கு" என்றாள்.

அக்கா அடுப்பை அணைத்தாள். கிட்டாரைப் பேப்பரோடு நகர்த்தித் தன் பக்கம் திருப்பி, "இத இப்ப ஆன் பண்ண முடியுமா?" என்றாள். ஹாலிலிருந்த சின்ன ஆம்பைத் தூக்கி வந்து ஒயரைச் செருகினேன். வால்யூமை முழுக்கத் திறந்தேன். அது இரைந்தது. அக்கா குனிந்து, ஒயரில் தொங்கிய பிக்கப்பை, கைக்குழந்தையின் தலையை ஏந்துவதைப் போல உள்ளங்கையில் ஏந்தி, வாயருகே கொண்டுபோனாள்.

ஆம்பிலிருந்து, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற அதே குரல் வந்தது.

"தம்பி, கேக்குதாடா?"